பச்சைச் சீட்டு எண் 2216

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
திருமணக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழு.

பொருள்: ஆடி மாதத் திருமணக் கண்காட்சி – இலவச நுழைவு – குலுக்கல் முடிவு கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் வரவேற்பு மேசையில் கிழித்துத் தரப்பட்ட பச்சை நிறச் சீட்டு.

ஐயா,

மேற்படிச் சீட்டுக்கு உரியவர் குரோம்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்திய கை. யாரிடம் எதைக் கொடுத்தாலும் ரசீது கேட்பார். வீட்டில் பால்காரர் வரை அதை அனுபவித்திருக்கிறார்கள். மூத்த பெண்ணுக்குத் தையில் முகூர்த்தம். பல்லாவரத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் விளம்பரம் வந்தது.

போவதா வேண்டாமா என்று அந்த வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. "எல்லாம் இன்ஸ்டாகிராம்லயே இருக்குப்பா" என்றாள் பெண். "நுழைவு இலவசம்னு போட்டிருக்காங்க, சும்மா பாத்துட்டு வரலாங்க" என்றார் அம்மா. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது போஸ்ட்மாஸ்டரின் அக்கா, ஒரே வரியில் முடித்துவைத்தார்: "புடவையைத் தொட்டுப் பாக்காம வாங்குவீங்களாடா?"

நான்கு பேரும் கிளம்பினார்கள்.

வாசலில் தங்கள் ஊழியர்கள் காட்டிய அன்பைச் சொல்லியாக வேண்டும். பன்னீர் தெளிக்கும் முன்பே படிவம் நீட்டினார்கள். பெயர், கைபேசி எண், திருமணத் தேதி, மண்டபம், உத்தேசச் செலவு என்று வரிசையாகக் கட்டங்கள். நிரப்பிக் கொடுத்தால் குலுக்கல் சீட்டு. முதல் பரிசு தம்பதிக்கு வெளிநாட்டுத் தேனிலவு. கைபேசி எண் தராவிட்டால் பில் கிடையாது என்று கடைக்காரர்கள் வற்புறுத்துவது நியாயமற்ற வணிக முறை என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. தங்களுக்கு அது பொருந்தாது; தாங்கள்தான் பில்லே போடவில்லையே. இலவச நுழைவுக்கு ஒரு பத்து இலக்க எண் மட்டும்தானே பெற்றுக்கொண்டீர்கள்!

உள்ளே போனதும் போஸ்ட்மாஸ்டருக்குத் தலை சுற்றியது. இந்த மாநிலத்தில் ஒரு கல்யாணம் சட்டப்படி செல்ல என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இவற்றில் ஏதேனும் ஒன்று. பிறகு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிவு. தங்கள் அரங்கிலோ மணமேடைக்குப் பின்னால் புகை கக்கும் இயந்திரத்துக்கு ஒரு ஸ்டால், மணப்பெண் நடந்து வரும்போது பொறி பறக்க ஒரு ஸ்டால், தாம்பூலப் பைக்கு இரண்டு, சீர்வரிசைத் தட்டை அன்னப்பறவையாக மாற்றித் தர மூன்று.

ஒரு குறை மட்டும் உண்டு. மணமக்களுக்கு வந்த பரிசுகளை, கொடுத்தவர் பெயரோடும் உத்தேச மதிப்போடும் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-இல் விதி போட்டிருக்கிறார்கள். தோல் அட்டை ஆல்பங்கள் அத்தனை இருந்த அரங்கில், அதை எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று விற்க ஆளில்லை. அடுத்த ஆண்டு கவனிக்கவும்.

வீடியோ ஸ்டாலில் ட்ரோன் பேக்கேஜ் பேசினார்கள். மண்டபம் பல்லாவரம் என்றதும் பையன் இன்னும் உற்சாகமானான். "சூப்பர் அங்கிள், மேலேர்ந்து ஃப்ளைட்டோட சேர்த்து ஷாட் எடுக்கலாம்!" விமான நிலையத்தை ஒட்டிய வானம் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் பறக்கவிட முடியாது. கல்யாண ஆல்பத்தோடு வழக்கும் சேர்த்துத் தரும் பேக்கேஜ் அது ஒன்றுதான்.

டிஜே ஸ்டாலில் 'பாட்டு உரிமக் கட்டணம்' என்று தனியே ஒரு வரி. கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசு பொது அறிவிப்பே வெளியிட்டுவிட்டது. அடுத்த ஸ்டாலில், முழுத் தொகையையும் ரொக்கமாகத் தந்தால் ஜிஎஸ்டி இல்லை என்று காதோரம் சொன்னார்கள். 2017 ஏப்ரல் முதல், ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். போஸ்ட்மாஸ்டர் இதை எடுத்துச் சொன்னார். "அங்கிள் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று சிரித்தார்கள்.

நகை ஸ்டாலில் 'சேதாரம் இல்லை' என்ற பலகை. பெண் ஓர் ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் கேட்டது ஒன்றே: "கல்லை எடுத்துட்டு எடை எவ்வளவு?" ஆரத்தின் பாதி கல். சேதாரத்தை வாசலில் அனுப்பிவிட்டுக் கல்லைத் தங்கம் விலைக்குக் கொல்லையில் கூட்டிவருவது பழைய வித்தை. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் இருக்க வேண்டிய ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை அவர் கண்ணாடியைத் தூக்கித் தேடினார். எண் இருந்தது. எடைக்குத்தான் பதில் வரவில்லை.

இனி அத்தை. பட்டு ஸ்டாலில் 'அசல் காஞ்சிபுரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மாம்பழ நிறப் புடவையை அவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினார். கோர்வை என்றால் கரைக்கு ஒரு தறிநாடா, உடலுக்கு ஒன்று, மறுகரைக்கு ஒன்று. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். இதில் அந்தச் சேர்மானமே இல்லை. முந்தானை ஓரத்தில் தொங்கிய ஜரிகை நூல் ஒன்றை நகத்தால் சுரண்டினார். அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். இதில் வெள்ளையாக ஏதோ வந்தது.

"சில்க் மார்க் சீட்டு எங்கப்பா?"

"ஸ்டாக் தீர்ந்துடுச்சு ஆன்ட்டி."

"புடவையா, சீட்டா?"

அந்தப் பையன் பதில் சொல்லாமல் அடுத்தவர்களுக்குப் புடவை விரிக்கப் போய்விட்டான். தலைவர் அவர்களே, தங்கள் கண்காட்சியில் அன்று நடந்த ஒரே கண்காட்சி அதுதான். சுற்றி நின்ற ஏழெட்டுப் பெண்கள் தாங்கள் எடுத்துவைத்திருந்த புடவைகளையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி வரிசையில், விளக்கலங்காரம் ஏதும் இல்லாமல், ஒரு சமையல் காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். காகிதக் கப்பில் ரசம், வாழை இலைத் துண்டில் அரை ஜாங்கிரி, ஒரு கரண்டி வத்தக்குழம்பு சாதம். அம்மா ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அங்கே அரை மணி நேரம் நின்றார்கள். இலைக் கணக்கு எப்படி எடுப்பது, பந்தி முடிந்ததும் எச்சில் இலையை இரண்டு தரப்பு ஆளும் நின்று எப்படி எண்ணுவது, குறைந்தபட்சம் இத்தனை இலை என்று ஒப்புக்கொள்ளும் எண்ணை ஏன் தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவரே விளக்கினார். முகூர்த்தச் சாப்பாட்டைவிட முதல் நாள் ரிசப்ஷனில்தான் கணக்கு தப்பும் என்றார். அட்வான்ஸ் கேட்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம் செய்யறேன். நேரா சமையக்கட்டுக்கு வாங்க, பாத்துட்டு அப்புறம் பேசுவோம்" என்றார். போனார்கள், பார்த்தார்கள், பேசி முடித்தார்கள். இப்படிப்பட்டவரை இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்திருக்க முடியாது என்று பெண்ணும் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் அவரையே கடைசி வரிசையில் போட்டிருந்தீர்கள். முன்வரிசை முழுக்க 'இன்று மட்டும்' பலகைகள். நூறு கடையை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் முன்பே டோக்கன் அட்வான்ஸ் கட்டச் சொல்லுவது எந்த ஊர் முறை? அலங்கார ஸ்டால் ஒன்றில் காலை பதினோரு மணிக்கு, இன்றே புக் செய்தால் இருபது சதவீதம் தள்ளுபடி என்றார்கள். மாலை நான்கு மணிக்கு இருபத்தைந்து ஆனது. பதினாறாம் நாள் அதே ஸ்டாலிலிருந்து போன் செய்து முப்பது என்றார்கள். தங்கள் 'இன்று'க்கு ஆயுசு கெட்டி.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாசலில் கொடுத்த அந்தப் பத்து இலக்க எண்ணுக்கு முதல் இரண்டு வாரத்தில் வந்த அழைப்புகள் 61. போஸ்ட்மாஸ்டர் நாட்காட்டித் தாளின் பின்புறம் கோடு போட்டு எண்ணிவைத்திருக்கிறார். வீட்டுக் கடன், மாடுலர் கிச்சன், பல்லுக்குக் கம்பி. நாற்பத்து மூன்றாவது அழைப்பு வளைகாப்பு பேக்கேஜ். நாற்பத்து ஏழாவது தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் நிறுவனம். பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதை அங்கிருந்து அழைத்த பெண்மணியிடம் அம்மா மூன்று முறை சொன்னார். "பரவாயில்லை ஆன்ட்டி, முன்பதிவு செஞ்சா சலுகை இருக்கு" என்று பதில் வந்தது. பிறகு 1909-க்குச் செய்தி அனுப்பி எண்ணைத் தடைப் பட்டியலில் போட்டார்கள்.

அடுத்த தெருவில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் போஸ்ட்மாஸ்டரிடம்தான் கேட்கிறார்கள்: "போகலாமா சார்?" அவர் தடுப்பதில்லை. "போங்க. மண்டபம் பிடிக்கறதுக்கு முன்னாடி போனா இன்னும் பிரயோஜனம். வயித்தைக் காலியா வெச்சுக்கிட்டு, பர்ஸை வீட்ல வெச்சுட்டுப் போங்க. போன்ல ஜிபே இருந்தா போனையும் வெச்சுட்டுப் போங்க. புடவை பாக்கறதா இருந்தா சொல்லுங்க, எங்க அக்காவை அனுப்பறேன்" என்கிறார்.

எல்லாவற்றையும் அவர் மன்னித்துவிட்டார். அந்தச் சீட்டை மட்டும் மன்னிக்க முடியவில்லை. குலுக்கல் என்று அறிவித்துவிட்டு, முடிந்ததும் அதன் முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் வைத்திருப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. தங்கள் கண்காட்சி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் பரிசு யாருக்குப் போனது, எந்த நாட்டுக்குப் போனார்கள், சீட்டுகளைக் குலுக்கத்தான் செய்தீர்களா என்ற விவரத்தைத் தபாலில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. தபால் தலை ஒட்டிச் சுயமுகவரி எழுதிய உறை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில் கைபேசி எண் எழுதப்படவில்லை.

இப்படிக்கு,
பச்சைச் சீட்டு எண் 2216-க்கு உரியவர் சார்பாக.