உயரத்துக்குப் பயந்த விமானப் பணிப்பெண்

கேள்வி: விமானப் பயணம், மர்மம், மாயம் மூன்றையும் ஒரே காமிக்ஸில் கலந்தால் தலை சுற்றாதா?

பதில்: சுற்றும். கதாநாயகிக்கே சுற்றுகிறதே! ‘ஏர்’ தொடரின் நாயகி பிளைத், விமானப் பணிப்பெண். ஆனால் உயரம் என்றாலே அவளுக்கு உதறல். நீச்சல் தெரியாதவர் படகோட்ட வந்த மாதிரி. ஜி. வில்லோ வில்சன் எழுத, துருக்கிய ஓவியர் எம். கே. பெர்க்கர் வரைய, வெர்டிகோ பதிப்பகம் 2008 முதல் 2010 வரை 24 இதழ்களாக வெளியிட்டது. இதே ஜோடி 2007-லேயே ‘கெய்ரோ’ என்ற காமிக்ஸைத் தந்தது. கமலா கான் என்ற பாத்திரத்தை மிஸ் மார்வெல் என்னும் சூப்பர் நாயகி ஆக்கியவர்களில் ஒருவரும் இதே வில்சன்தான்.

மனதுக்குப் பிடித்தவனைத் தேடிக் கிளம்பும் பிளைத்தின் பாதையில், வரைபடத்தில் இல்லாத நாரிமார் என்றொரு நாடு வருகிறது. 1937 ஜூலையில் பசிபிக் கடல் மேலே காணாமல் போன விமானி அமெலியா இயர்ஹார்ட்டும் வருகிறார்! உலகமே தேடியும் கிடைக்காதவரை வில்சன் கற்பனையில் கண்டுபிடித்து விட்டார். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது, நிஜமாகவே.

இதில் விமானம் பெட்ரோலை நம்பவில்லை. குறியீடுகளின் சக்தியில் பறக்கிறது. வரைபடத்துக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி மறைந்தால் போதும், ஊர் வந்துவிடும். இதை நம்ப வைப்பது பெர்க்கரின் கோடு. சீருடை, இருக்கை, ஜன்னல் எல்லாம் அச்சு அசலாக இருப்பதால், அடுத்த கட்டத்தில் மாயம் நுழையும்போது நாம் சீட் பெல்ட்டைத் தேடுகிறோம்.

முதல் இதழில் குழம்பினால் மூடி வைக்காதீர்கள். இரண்டாவதையும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.