வேப்பமரத்தடி விசுவாசி

ஆம்பூர், வேலூர்ப் பக்கம் எந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். உள்ளே அல்ல, வெளியே வேப்பமரத்தடியில், பைக்கில் சாய்ந்தபடி. பாவ அறிக்கை முடிந்த பிறகுதான் வருவார். அறிக்கையிட அவரிடம் ஒன்றும் இல்லை போலும். பிரசங்கம் எத்தனை நிமிஷம் ஓடியது என்று துல்லியமாகச் சொல்வார். என்ன வசனம் என்று கேட்டால், மைக் சரியில்லை என்பார்.

பழம்பெருமை பேசச் சொன்னால் மட்டும் வாய் ஓயாது. 1853-இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன், 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த, இன்று சி.எம்.சி.யாக நிற்கும் ஆஸ்பத்திரி, எல்லாமே "நாங்க கட்டினது". ஆம்பூர் லுத்தரன் என்றால் 1895-இல் வந்த மிசூரி மிஷனிலிருந்து ஆரம்பிப்பார். கேட்பவர்கள், அஸ்திவாரத்துக்கு இவரே கல் சுமந்தார் என்று நம்பிவிடுவார்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சபை ஐயர் கேட்டால் மட்டும், "நமக்கு எங்கங்க ஐயரே நேரம்?"

நேரம் இல்லாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்கள், ஞாயிறு காலையில் பாய் விரிக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள், க்வயரிலும் நிற்கிறார்கள்.

சபை ஒரு சரீரம், ஒவ்வொருவரும் அதில் ஓர் அவயவம் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். இவர் தம்மைத் தலை என்று நினைத்திருக்கிறார். சபையார் நாக்கு என்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தால் ஆளே வேறு. ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்வரை ஏற்றி, தம் பெயரை மைக்கில் இரண்டு தரம் சொல்லவைப்பார். அன்றைக்கு மைக் நன்றாகத்தான் இருக்கும். காய் அன்றே குழம்பாகிவிடும். பணம் அடுத்த பண்டிகைவரை பாக்கி. சபைக் கமிட்டித் தேர்தலில் சந்தா கட்டியவருக்கே ஓட்டு என்றதும் ஓடிவந்து, இரண்டு வருஷ சந்தாவை ஒரே நாளில் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவார்.

ஆனால் தெருவில் ஒரு சாவு விழட்டும். ஃப்ரீஸர் பெட்டி சொல்வது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, கடைசிவரை கல்லறைத் தோட்டத்தில் மழையில் நிற்பது, எல்லாம் அவர்தான். அப்போது யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர் மற்ற நாளில் மரத்தடியில் நிற்பதற்குக் கமிட்டிக்கும் பங்கு உண்டு. பொறுப்புகளையெல்லாம் அதே நாலு குடும்பம் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டால், மற்றவர் எங்கே போய் நிற்பது?

ஐயர் அடுத்த ஞாயிறு மரத்தடிக்கே போய், கல்லறைத் தோட்டப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். பூசணிக்காய்ப் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு.