பெடல் இல்லாத கிளட்ச்: சிவப்பு எண்ணெயை வீட்டு வாசலில் மாற்றுதல் குறித்துப் பாலாற்றங்கரையிலிருந்து ஓர் ஆய்வு

வேலூரைக் கிண்டல் செய்ய வெளியூர்க்காரர்கள் கைவசம் ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள்: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். மூன்றாவது குற்றச்சாட்டு 1981-லேயே காலாவதியாகிவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அந்த ஆண்டு கோட்டைக்குள் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்துவிட்டார்கள். சொலவடையில் காலியான அந்த இடத்துக்கு இக்கட்டுரை ஒரு வேட்பாளரை முன்மொழிகிறது: பெடல் இல்லாத கிளட்ச்.

ஆய்வுப் பொருள், ஆட்டோமேட்டிக் காரின் கியர் பெட்டியில் ஓடும் ஏ.டி.எஃப். என்னும் சிவப்பு எண்ணெய். அதை மெக்கானிக் இல்லாமல் வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா? முடியும். கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆய்வு என்று தலைப்பில் போட்டுவிட்டதால் தொடர வேண்டியிருக்கிறது.

முதலில் இன வரையறை. 2014-இல் மாருதி செலிரியோ வந்த பிறகு, நம் தெருக்களில் ஆட்டோமேட்டிக் என்று பெருமையாகச் சொல்லப்படும் வண்டிகளில் பல ஏ.எம்.டி. வகை. உள்ளே இருப்பது சாதாரண கியர் பெட்டி, சாதாரண கிளட்ச். மிதிக்கும் வேலையைக் காலிடமிருந்தும் கியர் மாற்றும் வேலையைக் கையிடமிருந்தும் ஒரு கருவி வாங்கிக்கொண்டது. அந்தப் பெட்டிக்குள் கியர் ஆயில்தான், சிவப்பு எண்ணெய் கிடையாது. சி.வி.டி. வண்டிக்குத் தனி எண்ணெய், அதில் ஏ.டி.எஃப். ஊற்றினால் உள்ளிருக்கும் எஃகு பெல்ட் வழுக்கத் தொடங்கும். எண்ணெய் வழியே இன்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியே நம் ஆய்வுக்கு உரியது. அதிலும் பழைய ஹூண்டாய் எஸ்.பி.-3 கேட்கும், டொயோட்டா டபிள்யூ.எஸ். கேட்கும். எல்லாம் சிவப்பாக இருக்கிறதே என்று கடைக்காரர் கொடுப்பதை ஊற்றுவது அறிவியல் ஆகாது. சரியான பெயர் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுவடியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

வேலூர் போன்ற தோல் நாட்டில் உட்கார்ந்துகொண்டு கியர் எண்ணெயை ஆராய்வானேன் என்று கேட்கலாம். கிளட்சின் பூர்வீகமே தோல்தான். தொடக்ககாலக் கார்களில் கூம்பு வடிவக் கிளட்சின்மேல் போர்த்தியிருந்தது பதனிட்ட தோல். அது காய்ந்தால் வெடுக்கென்று கவ்வி வண்டியைத் தூக்கிப்போடும். விளக்கெண்ணெயோ, மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயோ தடவி வழிக்குக் கொண்டுவருவார்கள். தடவியது கூடிவிட்டால் வழுக்கும். அதற்கு முல்தானி மட்டி தூவுவார்கள். கிளட்சுக்கு முகப்பூச்சு செய்த அந்த ஓட்டுநர்களை அழகுக்கலை வரலாறு இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. செயற்கை ரப்பர் வரும்வரை எண்ணெய் கசியாமல் காத்த சீல்களும் தோலே. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்னும் ஆட்டோமேட்டிக் பெட்டியை வைத்தபோது இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது.

இதைவிட நெருங்கிய உறவு கடலுக்குள் இருக்கிறது. கியர் பெட்டியின் கிளட்ச் தட்டுகள் உதறாமல் இதமாகக் கவ்வுவதற்காக ஏ.டி.எஃப்.-இல் எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். அதே எண்ணெயைச் சல்ஃபேட் செய்து மேல்நாட்டு டேனரிகளில் தோலுக்கு ஊட்டினார்கள், விறைக்காமல் துவள வேண்டும் என்பதற்காக. ஃபேட் லிக்கர் என்றால் ஆம்பூர் டேனரிகளில் எல்லோருக்கும் புரியும். 1970-இல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் உயிர்ப் பட்டியலில் சேர்த்ததும் கியர் பெட்டி வேறு ரசாயனத்துக்கு மாறியது. 1982 முதல் ஐரோப்பியச் சந்தை திமிங்கலப் பொருள் இறக்குமதியை நிறுத்தவே அங்கே தோலும் மாறியது. ஆக, தோலும் கியர் பெட்டியும் ஒரே திமிங்கலத்தின் பங்காளிகள். சொத்துத் தகராறு ஏதும் பதிவாகவில்லை.

இனி செய்முறை. வண்டியைச் சமதளத்தில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பவர்கள் ஆய்வைப் பாதியில் விட்டுச் செல்ல நேரும்), ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, வடிந்ததை அளந்து, அதே அளவு புதிதை ஊற்ற வேண்டும். வேலை அவ்வளவே. போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் வயதின் அடையாளம். சில்லு சில்லாக இருந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது கீழே வடிவதில்லை. வடிவது 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறைக்குப் பின் பழையது 60 சதவீதம் மிஞ்சும். வண்டியை ஓட்டிக் கலந்து மறுபடி வடித்தால் 36, மூன்றாவதில் 21.6, நான்காவதில் சுமார் 13. பத்தாவது முறைக்குப் பின்னும் 0.6 சதவீதம் உள்ளேயே குந்தியிருக்கும். கூலர் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினால் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு ஒருவர் வாளிப் பக்கம், ஒருவர் சாவிப் பக்கம். “நிறுத்து” என்ற சொல் சாவிப் பக்கம் போய்ச் சேருவதற்குள் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். தம்பதியர் இம்முறையைத் தவிர்ப்பது நல்லது.

இவ்விடத்தில் அறிஞர்கள் இரு மரபாகப் பிரிகிறார்கள். தொடாதே மரபினர், பழைய எண்ணெயை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்பார்கள். பெட்டி வழுக்க ஆரம்பித்த பிறகே பலர் எண்ணெயை நினைக்கிறார்கள். சாகக் கிடந்ததற்குப் பால் ஊற்றியவரைக் கொலைகாரர் என்பது முறையல்ல. ஆயுட்கால எண்ணெய் என்று சில கையேடுகளில் போட்டிருப்பதையும் இவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். யாருடைய ஆயுள், காருடையதா, வாரன்டியுடையதா என்பது உரையாசிரியர் எவரும் தொடாத இடம். என் சார்பு கழுவும் மரபின் பக்கமே. ஆனால் ஒரேயடியாக அல்ல, சிறுகச் சிறுக.

பழையதை முழுதாக வெளியேற்ற முடியாது என்பது இந்தப் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. தோல் பதனிடுவதில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பின்னுக்குப் போய்க் குரோமியம் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரிகளிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கிய உப்பு, எத்தனை மழை பெய்தும் தீர்ந்தபாடில்லை. வடித்து நிரப்பும் கணக்கு அங்கேயும் இதேதான். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்றது. டேனரிகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. ஆகவே நாலு லிட்டர் பழைய எண்ணெயைச் சாக்கடையில் சாய்க்கும் வேலூர்க்காரர், சொந்த ஊர்ப் பெயரில் உள்ள தீர்ப்பாலேயே மடக்கப்படுவார். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில் அவர்களுக்கு முன்பே சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஓசியில் கேட்டு ஒரு மேஸ்திரி வந்து நிற்பார்.

ஊற்றிய எண்ணெயின் மட்டம் பார்ப்பதில் ஒரு வட்டாரச் சிக்கல் உண்டு. அளவுக் குச்சி வைக்காத புதிய பெட்டிகள் சிலவற்றில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 40 டிகிரியை ஒட்டிய ஒரு சிறு வரம்பில் இருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். குளிர்நாட்டில் அந்தச் சூடு ஏறக் காத்திருப்பார்கள். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலில் நிற்கும் காரே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பிவிட்டுக் கீழே தவழ்ந்து போவதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும். விடியற்காலை ஐந்து மணி உத்தமம்.

கடைசியாகச் செலவு. ஒவ்வொரு வடிப்புக்கும் இடையே வண்டி ஓடிக் கலக்க வேண்டும் என்றோம். வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர், நேரான நெடுஞ்சாலை. 2019-இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டதால் இது மாவட்டம் கடந்த ஆய்வும் ஆகிறது. சோதனை ஓட்டத்துக்கு வீட்டில் அனைவரும் தாமாகவே முன்வந்தார்கள், எண்ணெய் மாற்றும்போது யாரும் வரவில்லை. அங்கே சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் நான்கு பேருக்கு, மூன்று வடிப்புக்கு மூன்று தடவை. கூட்டிப் பார்த்தால் சர்வீஸ் சென்டர் கேட்ட தொகையைத் தாண்டிவிட்டது. இதை எண்ணெய்க் கணக்கில் எழுதுவதா சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதா என்பதில் எங்கள் வீட்டில் இதுவரை கருத்தொற்றுமை இல்லை. நான்காவது வடிப்பு அவசியம் என்பதில் மட்டும் இருக்கிறது.