கல்யாணத்துக்கு வந்திறங்குவோர்: திணை, துறை, பெட்டி எடை

வினை முடித்துத் திரும்பும் தலைவனைச் சங்கப் புலவர்கள் முல்லைத்திணையில் வைத்தார்கள். கார்காலம், தேர், ‘இன்னும் வேகமாக ஓட்டு’ என்று பாகனை விரட்டும் தலைவன். சரி, தங்கை கல்யாணத்துக்குக் கலிபோர்னியாவிலிருந்து தஞ்சாவூர் வரும் அண்ணனை எந்தத் திணையில் வைப்பது? பாகன் இருக்கிறார், மீனம்பாக்கத்தில் ஏற்றிக்கொண்டு, வழியில் டீக்கு நிறுத்தவா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறார். தேருக்கு ஏசி இருக்கிறது. கார்காலம்தான் இல்லை. ஆகவே இது முல்லை அன்று, பாலை என்பர் ஒருசாரார். திணைமயக்கம் என்பர் மற்றொருசாரார். இரு சாராருக்கும் முனைவர் பட்டம் கிடைத்துவிட்டதால் விவாதம் அத்தோடு நின்றது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம்: கல்யாண மண்டபம். மேற்கொண்டு சொல்ல ஏதுமில்லை.

பெரும்பொழுதில்தான் சிக்கல். அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. அதன் நட்டநடுவில், ஜூலைப் பாதியில், ஆடி பிறந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையோ முழுசாக மார்கழிக்குள் விழுகிறது. இந்த இரண்டு மாதங்களிலும் வீட்டில் கல்யாணம் வைப்பதில்லை. தை பிறந்து வழி பிறக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பியிருப்பார்கள். மிஞ்சுவது ஆனி. பஞ்சாங்கம் கணித்தவருக்கும் அமெரிக்கக் கல்வித்துறைக்கும் முன்பகை உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

சிறுபொழுது இன்னும் நுட்பம். ஆனியில் தஞ்சாவூர் கடிகாரம் கலிபோர்னியாவைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதிகாலை 4:30க்கு முகூர்த்தம் என்றால், வந்தவர் உடம்புக்கு அது முந்தின நாள் மாலை 4 மணி. மாப்பிள்ளையே கொட்டாவியை மறைக்கும் மண்டபத்தில் அவர் ஒருவர்தான் முழு விழிப்பு. காபி எங்கே என்று கேட்டு அலைகிறார். மாலை வரவேற்பில், மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போதே கண் சொக்குகிறது. “அமெரிக்கா போனதும் மரியாதை மறந்துபோச்சு” (ஒன்றுவிட்ட பெரியப்பா, இரண்டாம் பந்தி உரை, ரசத்துக்குப் பின்). உடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும் என்பது மருத்துவர் கணக்கு. இரண்டு வார லீவில் வந்தவருக்கு அது ஊர் வந்து சேரும் வேளையில் மறுபடி விமானம் ஏறியாக வேண்டும்.

உரிப்பொருள்: “எப்ப வந்தே? எப்பக் கிளம்புறே?” வேறில்லை.

கருப்பொருள் பெட்டி. அமெரிக்காவிலிருந்து வருபவருக்குப் பெரும்பாலும் தலா 23 கிலோவில் இரண்டு. நகைக்குச் சுங்க விதி உண்டு: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்றது 2016 விதி, அதற்கும் மதிப்பு வரம்போடு. கோடாலித் தைலத்துக்கு இப்படி எந்த விதியும் இல்லாததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

1928இல் சிங்கப்பூரில் தோன்றிய இந்தத் தைலம், அங்கே விமானம் மாறுவோர் பெட்டியில் தவறாமல் ஏறுகிறது. ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறதே என்பார் அறியாதார். கடல் தாண்டி வந்தால்தான் காரம் (பெரியத்தை, கூடத்து உரை). புட்டி 56 மில்லி முதல் 3 மில்லி வரை பல அளவில் வருகிறது, உறவும் அப்படியே. பெரியத்தைக்கு 56. தாய்மாமனுக்கு 28. ஒன்றுவிட்டவர்களுக்கு 10. மண்டபத்து வாட்ச்மேனுக்கு 3.

சின்னத்தைக்கு எவ்வளவு என்பதில் பாடபேதம் உண்டு. 28 என்கிறது கொடுத்தவர் மனைவியின் பாடம். 10 என்கிறது வாங்கியவர் பாடம் (சின்னத்தை, புழக்கடை உரை, திருத்திய பதிப்பு, அழுகைக்கு முன்னும் பின்னும்). இரண்டுமே இடைச்செருகல், மூலத்தில் 14தான், சம்பந்தி வீட்டுக்குப் போன பெட்டியைப் பிரித்தால் தெரியும் என வாதிடுகிறது மூன்றாவது சாட்சி (பெரியத்தை, மேற்படி உரைக்கு எழுந்த மறுப்புக்கு மறுப்பு, சின்னத்தை காதில் விழாத குரலில் சொன்னது, சமையற்கட்டுப் படி, வெற்றிலைக்கறை படிந்த ஓரக்குறிப்பு). புட்டியை யாரும் திறந்து முகர்ந்து பார்த்ததாகச் சான்றில்லை. மூலநூலைத் தொடாமலே உரைகளுக்கு உரை எழுதுவது புலமையுலகில் மதிப்பான தொழில் என்பதால், அத்தைமாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

திரும்பும் பெட்டி காலி என்று நினைப்பது தவறு. மாங்காய் ஊறுகாய், வத்தல், பருப்புப்பொடி, கல்யாணத்து முறுக்கு, சீர் அதிரசம் எல்லாம் ஏறி, தராசில் முள் மறுபடி 23இல் வந்து நிற்கும். அம்மா கடைசி நிமிடத்தில் ஈரத்துணியில் சுற்றி வைக்கும் கறிவேப்பிலையை மட்டும் விமானம் ஏறுமுன் எடுத்து வெளியே வைத்துவிடவும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கத்தார் உள்ளே விடுவதில்லை.