சொந்தநடைச் செம்மல்

எந்த உயர்நிலைப் பள்ளியானாலும் பத்தாம் வகுப்பில் இப்படி ஒருவர் இருப்பார். தமிழ்ப் புத்தகம் கொண்டுவர மாட்டார். கொண்டுவந்தால் அட்டை இருக்காது. அட்டை இருந்தால் அதில் வேறு யாருடைய பெயராவது இருக்கும். வயது பதினைந்துதான் என்றாலும் ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொள்கை உள்ளவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும்.

அவர் கொள்கை எளிது. கணக்குக்கு ட்யூஷன் போகலாம். இங்கிலீஷுக்குக் கைடு வாங்கலாம். தாய்மொழியை எவனாவது உட்கார்ந்து படிப்பானா? “தமிழ்தானேடா, சொந்த நடையில எழுதிக்கலாம்.” வீட்டிலும் இதே பதில்தான். அப்பா அதை நம்பிவிடுவார். அவரும் அந்தக் காலத்தில் அப்படி எழுதித் தேறியவர்தான்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே மாணாக்கர்களைத் தரம் பிரித்து வைத்துவிட்டார். அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் இடைத்தரம், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எல்லாம் கடைத்தரம். தமிழய்யா இதை நடத்துகிற அன்றைக்கு வகுப்பு முழுக்க ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு முனிவர் இரண்டாமிடம்தான் கொடுத்தார். நம் தேர்வுமுறை அதைத் தூக்கி முதலிடத்தில் வைத்துவிட்டது, அது தனிக்கதை. நம்மவரை எதில் சேர்ப்பது என்று ஐயாவுக்குக் குழப்பமே கிடையாது. நெய்யை ஒழுகவிட்டு அடியில் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது நெய்யரி, அதாவது பன்னாடை. “டேய் பன்னாடை, எந்திரி” என்று ஐயா கூப்பிட்டால் மற்ற பையன்கள் திட்டு என்று நினைப்பார்கள். நம்மவர் மட்டும், “நன்னூல்லயே நம்மள சொல்லியிருக்காங்கடா” என்று பெருமையாக எழுந்து நிற்பார்.

பட்டம் பொருத்தமானதுதான். ஐயா பாட்டை விளக்கும்போது நம்மவர் ஜன்னலுக்கு வெளியே இருப்பார். பாட்டை விட்டு ஐயா ஊர்க்கதைக்குத் தாவிய நொடியில் வகுப்புக்குள் வந்துவிடுவார்.

முல்லைப்பாட்டு நடந்தபோதும் அதுதான் ஆயிற்று. பத்துப்பாட்டில் அதுதான் சிறியது, 103 அடி. பாடநூலில் தொடக்கத்துச் சில அடிகள் மட்டும் இருக்கின்றன. மழை பெய்யும் மாலைப்பொழுது. தலைவன் போருக்குப் போயிருக்கிறான். அவன் நல்லபடி திரும்புவானா என்று தெரிந்துகொள்ள, முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல்லுக்குக் காது கொடுத்து நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கிற கன்று ஒன்று சிறு கயிற்றில் கட்டுண்டு நிற்கிறது. ஆயர்குலப் பெண் ஒருத்தி அதனிடம், உன் அம்மா இதோ வந்துவிடுவாள் என்கிறாள். அதுவே நற்சொல். இந்த இடத்துக்கு வந்ததும் ஐயா தம் வீட்டில் சின்ன வயதில் வளர்ந்த கன்றுக்குட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நம்மவர் இமை கொட்டாமல் கேட்டார்.

வீட்டுப்பாடம் கார்காலச் செய்திகளை விவரித்து எழுதுவது. மறுநாள் காலை பிரேயர் மணிக்கு முந்தைய கால் மணி நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டில், கேரியர் மேல் நோட்டை விரித்து நம்மவர் எழுதி முடித்தார். மற்றவர்கள் கோனார் உரையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நம்மவர் அதைத் தொட மாட்டார், காப்பியடிப்பது கௌரவக் குறைவு. அவர் விடை இப்படி முடிந்தது:

‘தலைவன் போருக்குப் போனது அவன் விருப்பம். ஆனால் கன்றைக் கட்டிப்போட்டது யார்? எங்கள் பெரியம்மா வீட்டிலும் பால் கறந்து முடியும் வரை கன்றை அவிழ்க்க மாட்டார்கள். எனவே இப்பாடல் அக்காலப் பால் வியாபாரத்தைப் பற்றியது என்பது புலனாகிறது.’

ஐயா சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சொந்த நடையில எழுதச் சொன்னா சொந்தக் கதைய எழுதி வச்சிருக்கியேடா” என்றார். ஆனாலும் முல்லை நிலத்தின் தொழிலே ஆநிரை மேய்ப்பது. முழுப்பொய் என்று தள்ளவும் முடியவில்லை. எட்டுக்கு இரண்டு போட்டார். திருத்த வேண்டிய நோட்டுகள் ஆசிரியர் அறை மேசையில் குவிந்து கிடக்கும்போது, இந்த ஒரு நோட்டை மட்டும் ஐயா ஒதுக்கி வைத்துவிட்டு டீ வந்த பிறகே பிரிப்பார் என்று கேள்வி. கிளிகளின் நோட்டைப் படிக்க வேண்டியதே இல்லை. ஒன்றைத் திருத்தினால் முப்பதைத் திருத்தின மாதிரி.

செம்மலுக்குச் சோதனைக்காலம் மனப்பாடப் பகுதிதான். ‘அடிபிறழாமல் எழுதுக’ என்ற கட்டளையே அவருடைய கருத்துரிமைக்கு எதிரானது. குறள் வினாவில் மட்டும் ஒரு சலுகை உண்டு. இன்ன சொல்லில் முடியும் குறளை எழுதுக என்று கேட்பார்கள். ஏழு சீரில் ஒன்றைக் கேள்வித்தாளே தந்துவிடுகிறது, மீதி ஆறுக்கு அவர் பொறுப்பு. வள்ளுவர் 1330 குறளோடு நிறுத்திக்கொண்டார். நம்மவர் அங்கிருந்து தொடர்கிறார்.

ஒரு வகுப்புத் தேர்வில் ‘படும்’ என முடியும் குறள் கேட்டிருந்தது. நம்மவர் எழுதினார்:

எழுதாத நோட்டுக்கும் ஏச்சுண்டு நோட்டை
எழுதினும் ஏச்சே படும்.

ஐயாவுக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் உடைந்தது. “வள்ளுவர் நோட்டுல எழுதுனாராடா? ஓலையிலடா எழுதுனார்! இங்க வா, அலகிட்டுக் காட்டுறேன். தளை எங்க தட்டுதுன்னு நீயே பாரு” என்று கரும்பலகையில் எழுதிச் சீர் பிரித்தார். எழுதாத, நிரை நேர் நேர், புளிமாங்காய். நோட்டுக்கும், தேமாங்காய். காய் முன் நேர் வந்திருக்கிறது, சரி. ஏச்சுண்டு, அதுவும் தேமாங்காய். நோட்டை, தேமா. இனி நிரை வர வேண்டும், வராது என்று ஐயாவுக்கு நம்பிக்கை. ‘எழுதினும்’ கருவிளமாக வந்து நின்றது. ஏச்சே, தேமா. படும், மலர். எதுகை இருக்கிறது, மோனையும் இருக்கிறது. ஐயா பலகையை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் சீரிலிருந்து பார்த்தார்.

“யாருடா சொல்லிக் குடுத்தது?”

“நீங்கதாங்கய்யா. போன வாரம்.”

மதிப்பெண் பூச்சியம். ஆனால் அந்த வருடம் முழுக்க அலகிடுதலுக்கு அந்த வகுப்பில் எடுத்துக்காட்டு அந்தக் குறள்தான்.

தேர்வுக்கூடத்தில் நம்மவருக்குப் பயமே கிடையாது. முன்பு தமிழுக்கு இரண்டு தாள் இருந்தது. கட்டுரையும் கடிதமுமாக இரண்டாம் தாள் அவருடைய முன்னோர்களின் சொந்த நாடு. 2019-20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புக்கு ஒரே தாள் ஆக்கிவிட்டார்கள். நாடு சுருங்கிவிட்டாலும் ஊர்கள் மிச்சமிருக்கின்றன. ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு படம் கொடுத்து ஐந்து மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். கண் இருந்தால் போதும். தரமற்ற உணவு தந்த விடுதி மீது உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் வந்துவிட்டால் பேனா நிற்காது. பரோட்டா விலை, சால்னாவில் மிதந்தது, கேட்டதற்கு முதலாளி சொன்ன பதில் என்று உண்மையாகவே வயிறெரிந்து எழுதுவார். கிளிகள் கைடில் இருக்கும் கடிதத்தை எழுதிவிட்டு ‘இடம், நாள்’ போட்டு முடிக்கும்போது, நம்மவர் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கியிருப்பார்.

கட்டுரைக்கு மேற்கோள் வேண்டுமே? அதற்கு அவரிடம் ஒரு புலவர் இருக்கிறார். சுற்றுச்சூழலா, சாலைப் பாதுகாப்பா, விண்வெளியா, எதற்கும் பொருத்தமாக ஒரு வரி சொல்லித் தருவார். நம்மவர் அந்த வரியைக் கறுப்பு மையில் எழுதி, அடிக்கோடிட்டு, ‘என்றார் ஒரு கவிஞர்’ என்று முடித்துவிடுவார். அந்தக் கவிஞர் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பது திருத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

கல்வி அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் ஆய்வுக்கு வந்த அன்று தலைமையாசிரியர் தமிழய்யாவிடம் ஓடிவந்தார். கால் மணி நேரத்தில் வரவேற்புரை வேண்டும். ஐயா ஒன்பதாம் வகுப்புப் பாடக்குறிப்பை எழுதி முடிக்காத கவலையில் இருந்தார். ஒரு வெள்ளைத் தாளை நம்மவரிடம் நீட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. தாள் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பி வந்தது. படித்துப் பார்க்கப் பொழுதில்லாமல் ஐயா மேடையேறி அப்படியே வாசித்துவிட்டார். நடுவில் ஒரு வரி: ‘சொல்லாமல் வரும் மழையே வயலறிந்து பெய்யும் என்றார் ஒரு கவிஞர்.’

அதிகாரிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. டீ குடிக்கும்போது, “அருமையான வரி. எந்தக் கவிஞர்?” என்று கேட்டார். தலைமையாசிரியர் தமிழய்யாவைப் பார்த்தார். தமிழய்யா, பிஸ்கட் தட்டை ஏந்தி நின்ற நம்மவரைப் பார்த்தார். நம்மவர் தட்டைப் பார்த்தார்.

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். “பழைய புலவருங்கய்யா. இயற்பேர் கிடைக்கல. குறுந்தொகையில செம்புலப்பெயனீரார்னு பாட்டுல வர்ற தொடராலேயே பேர் வச்சிருக்காங்கல்ல, அது மாதிரி இவரைச் சொல்லாமழையார்னு சொல்வாங்க.”

அதிகாரி டைரியை எடுத்து, வல்லினமா இடையினமா என்று எழுத்தைக் கேட்டுச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார்.