எலியின் பிறந்த வீடு

கே: தினம் மோர் குடித்தால் புற்றுநோய் வராதாமே? – கும்பகோணம் வாசகர்

ப: தாகம் வராது.

கே: குடல் பாக்டீரியாவுக்கும் தோலில் வரும் மெலனோமா புற்றுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? – மதுரை வாசகி

ப: முடிச்சுப் போட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் கஜெவ்ஸ்கி குழு, 2015இல். எலி என்றாலே பதிலாளருக்கு ஆகாது (பரணில் மூன்று தீபாவளி மலர்களைப் பறிகொடுத்தவர்). இந்த எலிகளுக்கு மட்டும் விலக்கு. ஒரே இனம், வாங்கிய இடம்தான் வேறு வேறு. ஓரிடத்து எலிக்கு மெலனோமா கட்டி விறுவிறுவென வளர்ந்தது, மற்றதற்கு நிதானமாக. இரண்டையும் ஒரே கூண்டில் குடிவைத்தார்கள். வித்தியாசம் போயே போச்சு!

கூட்டுக் குடித்தனத்தின் மகிமை என்று பாட்டிமார் மார்தட்ட வேண்டாம். பக்கத்து எலியின் புழுக்கையைத் தின்பது எலி குலத்து வழக்கம். அந்தச் சீர்வரிசையில் வந்து சேர்ந்ததுதான் பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா. அதைத் தனியே புகட்டியபோதும் கட்டி அடங்கியது. நோயெதிர்ப்புக்குப் போட்ட பூட்டைத் திறக்கும் பிடி-எல்1 தடுப்பு மருந்தையும் சேர்த்தபோது கட்டி ஏறக்குறைய வளரவே இல்லை. இனி ‘எங்க ஊர்த் தண்ணி அப்படி’ என்று மருமகள் பெருமை பேசினால், மாமியார் கொஞ்சம் காதுகொடுக்கலாம்.

கே: பாக்டீரியா கெடுதலும் செய்யுமா? – நெல்லை வாசகர்

ப: பேஷாக. கணையப் புற்றுக்கு ஜெம்சிடபின் கொடுப்பதுண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ராவிட் ஸ்ட்ராஸ்மன் குழு 2017இல் 113 கணையக் கட்டிகளைச் சோதித்தது. 86இல் பாக்டீரியா. அதிகம் தென்பட்ட வகை, ஒரு நொதியை வைத்துக்கொண்டு அந்த மருந்தைச் சக்கையாக்கக்கூடியது. மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் வேறு யாரோ கைவைத்த கதை.

கே: மலத்தையே மருந்தாக்குகிறார்களாமே, சீச்சீ! – கோவை வாசகர்

ப: மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவும். 2021, பிட்ஸ்பர்க். நோயெதிர்ப்புப் பூட்டைத் திறக்கும் இம்யூனோதெரபி மருந்து பலிக்காத மெலனோமா நோயாளிகளுக்கு, பலித்தவர்களின் மலத்தைப் பக்குவப்படுத்தி, கொலோனோஸ்கோப்பி வழியே குடலில் செலுத்தி, அதே வகை மருந்தைத் திரும்பக் கொடுத்தார்கள். 15 பேரில் 6 பேருக்குப் பலன். இஸ்ரேலில் 10இல் 3. சின்னக் கணக்குதான், அந்த ஒன்பது பேரிடம் போய் ‘சீச்சீ’ சொல்லிப் பாருங்கள்.

கே: அம்மாவுக்கு மெலனோமா, இம்யூனோதெரபி நடக்கிறது. ப்ரோபயாடிக் என்ற ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரை வாங்கித் தரலாமா? – திருச்சி வாசகி

ப: நீங்களாக வாங்காதீர்கள், தாயே. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற 128 மெலனோமா நோயாளிகளின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டு, ப்ரோபயாடிக் தொடாதவர்களுக்கே மருந்து நன்றாக எடுபட்டது. கடை ப்ரோபயாடிக் புகட்டிய எலிகளுக்குச் சரியாக எடுபடவில்லை. மனிதர்களிடம் இது கவனித்துச் சொன்னது, முடிந்த முடிவல்ல. கீரையும் பயறும் அம்மாவின் வயிறு தாங்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சளி பிடித்தால் கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் வேண்டாம், அது குடல் பாக்டீரியாவையும் அழிக்கும். டாக்டரே எழுதினால் நிறுத்தவும் வேண்டாம். அம்மா தேறி வரட்டும். எழுதுங்கள்.

கே: பதிலாளரின் குடலில் என்ன இருக்கிறது? – சேலம் வாசகர்

ப: நேற்றைய பஜ்ஜி.