தடித்த தோலுக்குப் பொன்னாடை

பிரேசிலில் தீக்காயத்துக்கு மீன் தோல் ஒட்டுகிறார்கள். ஃபோர்தலேசா என்ற கடற்கரை நகரத்தில், செயாரா கூட்டாட்சிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்து பார்த்து, மருத்துவ இதழ்களில் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். எந்த மீன் என்று கேளுங்கள். சுறா இல்லை, வஞ்சிரம் இல்லை. திலேப்பியா. நம் ஊர் ஜிலேபி கெண்டை வகைதான்.

இந்த ஜிலேபி 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட விருந்தாளி. வந்த வேகத்தில் மற்ற மீன்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, 1959-லேயே இதைப் பரப்பக் கூடாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. மீனுக்கு ஆணை படிக்கத் தெரியாது. இன்று அது இல்லாத ஏரியைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசாணையை மதிக்காமல் நிலம் பிடிப்பதில் நம் பெரிய மனிதர்களுக்கே முன்னோடி. அதன் தோலுக்கு மருத்துவ குணம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பட்டு நெய்கிற ஆரணியில் இதைச் சொன்னால் என்ன பதில் வரும்? "சீ, மீன் தோலா? உடம்புலயா?"

சரி. உடம்பில் எதைப் போடலாம் என்று ஆரணியிடமே கேட்போம். ராமநகரத்துச் சந்தையில் வாங்கிய பட்டுப்புழுக் கூட்டை, உள்ளே புழு உயிரோடு இருக்கும்போதே வேக வைத்து நூல் எடுக்கிறார்கள். ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஆயிரக்கணக்கான புழு. அந்தப் புழுவின் எச்சில்தான் இழை. அதுதான் மடி. அதுதான் ஆசாரம். பருத்திக்குத் தீட்டு உண்டு, பட்டுக்குத் தீட்டில்லை. காஞ்சி மகாபெரியவரே பட்டை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தார். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். வெந்த புழு புனிதம், செத்த மீன் அசிங்கம். தள்ளுபடியில் கிடைக்கும் தத்துவம் இது.

சாயப்பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஆளுயரத்துக்கு ஆவி. கச்சாப் பட்டை முதலில் சோப்பும் சோடாவும் போட்டு வேக வைக்கிறார்கள். பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதில் கரைந்து போகும். அந்தப் பசைக்குச் செரிசின் என்று பெயர். பிறகு கழியில் கோத்த சிட்டத்தைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி, கையால் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். கையுறை கிடையாது. முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று தறிச் சத்தம் கேட்கிற ஊருக்கெல்லாம் நிறம் இப்படித்தான் போகிறது. கால் வழுக்கினால் சாயம் பட்டில் ஏறாது, ஆள் மேல் ஏறும்.

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வேக வைத்துக் கால்வாயில் கொட்டுகிற அந்தச் செரிசினைத் தீக்காயக் களிம்பில் சேர்த்துத் தாய்லாந்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். பட்டுப் புரதத்தில் புண்கட்டு செய்து விற்கிற நிறுவனம் பெங்களூரிலேயே இருக்கிறது. வெந்தவனுக்கு மருந்தாகக் கூடியது அவன் காலடியில் சாக்கடையாக ஓடுகிறது. அவன் வீட்டில் காயத்துக்கு என்ன போடுகிறார்கள்? இங்க். பற்பசை. தோசை மாவு. காப்பித் தூள். ஊருக்கே வைத்தியம் தெரியும். பதினைந்து இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டு என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். குழாயில் தண்ணீர் வந்தால் அல்லவா காட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான்.

மீன் தோல் என்ன செய்கிறது என்று புரிய, முதலில் கட்டு மாற்றுகிற நேரம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். தீக்காய வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக் களிம்பு பூசிக் காஸ் துணி சுற்றுகிறார்கள். ராத்திரியில் அது காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் அதைப் பிரிக்க வேண்டும். துணியோடு, புதிதாக முளைத்த சதையும் வருகிறது. மறுநாள் மறுபடியும். காயம் ஒருமுறைதான் பட்டது, உரிப்பது தினமும். அந்த நேரத்துக் கூச்சலைக் கேட்டவர்கள் பட்டு என்ன, பருத்தியைத் தொடவே யோசிப்பார்கள்.

மீன் தோலில் அந்தத் தினசரி உரிப்பு இல்லை. செதில் சுரண்டி, கிருமி நீக்கி, கிளிசரினில் ஊற வைத்து, கதிர்வீச்சுக் கொடுத்து, குளிரில் பத்திரப்படுத்துகிறார்கள். இரண்டு ஆண்டு வரை கெடாது. அதில் இருப்பது நம் தோலில் இருக்கிற அதே வகைக் கொலாஜன். காயத்தில் ஒட்டினால் ஒட்டியபடி இருக்கும். ஈரம் போகாது, கிருமி வராது. அடியில் தோல் வளர்ந்ததும் காய்ந்து தானே கழன்றுகொள்ளும். கட்டு மாற்றுவது குறைந்தது, வலி மருந்தும் குறைந்தது என்கிறார்கள் பிரேசில்காரர்கள். ஆழமாக வெந்த காயத்துக்கு இது போதாது. அதற்கு நோயாளியின் சொந்தத் தோலை எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஆனால் மேலோட்டமாக வெந்த எத்தனையோ பேரை அந்தத் தினசரி உரிப்பிலிருந்து இது காப்பாற்றும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. பன்றித் தோல் என்றால் ஒரு கூட்டம் கொடி பிடிக்கும். மாட்டுத் தோல் என்றால் இன்னொரு கூட்டம் கம்பு பிடிக்கும். மீன் மட்டும் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் மீன் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம். கிருமி நீக்காத பச்சைத் தோலைப் புண்ணில் வைத்தால் பிழைக்க வேண்டியவரும் போய்விடுவார். நாளைக்கே வாட்ஸ்அப்பில் வரும்: ஓலைச்சுவடியில் சித்தர்கள் அன்றே சொன்ன மீன் தோல் ரகசியம், பத்து பேருக்கு அனுப்பவும். அனுப்பாதீர்கள்.

நமக்கு அறிவு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1985-லேயே பம்பாயில் டாக்டர் கேஸ்வானி, வேக வைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீக்காயக் கட்டாக்கிக் காட்டி சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். அதே பம்பாயில் வாழையிலையில் கட்டுப் போட்டுப் பார்த்து 2003-ல் இன்னொரு கட்டுரை வந்தது. ஒட்டாது, உரியாது, காசும் ஆகாது. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. கொலாஜன் புண்கட்டு அங்கேயே உருவாகியிருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. பிறகு உருளைக்கிழங்குத் தோல் ஏன் ஊர் ஊராகப் போகவில்லை?

போகாது. உருளைக்கிழங்குத் தோலுக்கு டெண்டர் விட முடியாது. வாழையிலைக்குக் கமிஷன் வாங்க முடியாது. ரிப்பன் வெட்ட ஒரு இயந்திரம் இல்லை, ஸ்டிக்கர் ஒட்ட ஒரு பெட்டி இல்லை. இலவசமாகக் குணமாகிற நோயாளியால் யாருக்கு என்ன லாபம்?

ஐஸ்லாந்துக்காரன் கெட்டிக்காரன். காட் என்ற மீனின் தோலைப் பதப்படுத்திக் கெரெசிஸ் என்ற நிறுவனம் தொடங்கினான். 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் அதை 130 கோடி டாலர் வரை கொடுத்து வாங்கியது. நம் கணக்கில் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மீன் கடையில் குப்பைக்குப் போகிற தோலுக்கு இந்த விலை. நம் வீட்டில் அது குப்பைக்குப் போவதில்லை என்பது வேறு விஷயம். குழம்பில் தோல்தானே ருசி. ஒருநாள் இதே தோல் வெளிநாட்டு உறையில், இரண்டு விரல் அகலத்தில், ஒரு தறிக்காரரின் மாத வருமானத்தை விழுங்குகிற விலையில் இங்கே வந்து இறங்கும். அன்றைக்குச் 'சீ' என்ற வாயெல்லாம் 'ஆகா' என்னும். தனியார் ஆஸ்பத்திரி அதற்குத் தனி பில் போடும். அரசு அதற்கொரு திட்டம் அறிவிக்கும். திட்டத்துக்கு எந்தத் தலைவர் பெயர் வைப்பது என்பதில் ஆறு மாதம் போகும்.

தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். தோல் நன்றாக இருக்கிறவர்களுக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக. அதாவது பட்டா என்று பார்த்தால் அதுவும் பட்டில்லை. ஆரணிக் கைத்தறிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் கைதட்டியவர்கள், மேடையில் விசைத்தறி பாலியஸ்டரைத்தான் போர்த்திக்கொள்கிறார்கள். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி வைத்த 1985 சட்டம் எந்த அலமாரியில் இருக்கிறதோ! மேடையிலிருந்து இறங்கியதும் அத்தனை ஆடையும் காரின் பின் சீட்டில் ஒரு மூட்டையாகக் கிடக்கும். கீழே வார்டில் காஸ் துணி தீர்ந்துவிட்டால் எழுதிக் கொடுப்பார்கள், வெளியில் வாங்கி வா என்று.

மீன் தோலை விடுங்கள், மனிதத் தோலுக்கே மும்பையில் சயான் மருத்துவமனையில் 2000-லிருந்து தோல் வங்கி நடக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடை, முதுகிலிருந்து மெல்லிய தோல் எடுத்து வருஷக்கணக்கில் வைக்கலாம். கண்தானம் நமக்குத் தெரியும். தோல்தானம் என்றால் ஊரே முழிக்கும். நம் தலைவர்கள் முதலில் எழுதிக் கொடுத்து வழிகாட்டலாம். ஒரே சிக்கல், மெல்லிய தோல் வேண்டுமாம்.

இந்தியாவில் ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்குத் தீக்காயம், 1.4 லட்சம் பேர் சாவு என்பது மத்திய சுகாதாரத் துறையே சொல்லும் மதிப்பீடு. இது எப்படிச் செய்தியாகிறது என்று பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடிக்கும். "ஆழ்ந்த வேதனை அடைந்தேன்" என்று ஓர் அறிக்கை. செத்தால் ஒரு தொகை, பலத்த காயத்துக்கு ஒரு தொகை, லேசான காயத்துக்கு ஒரு தொகை. ஹோட்டல் விலைப்பட்டியல் போல எப்போதும் தயாராக இருக்கிறது. ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். கும்பகோணம் பள்ளியில் 2004-ல் 94 குழந்தைகள் கருகியபோது ஓலைக் கூரையைப் பிரித்தோம். அதற்கு முன்னால் கூரை இருந்தது யாருக்கும் தெரியாதாம்.

வீட்டுக்குள் வெந்து வருகிற பெண்ணின் கதை தனி. கல்யாணத்தில் ஆரணிப் பட்டு கட்டியவள். ஆறு மாதத்தில் "சமையல் பண்ணும்போது தவறிப் பட்டுடுச்சு" என்று வார்டுக்கு வருகிறாள். சொல்கிறவர் கணவன் வீட்டார், அவள் பக்கத்தில் நின்றுகொண்டு. அரசு இயந்திரம் சும்மா இருக்கிறது என்று சொன்னால் பாவம். மாஜிஸ்திரேட் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார், மரண வாக்குமூலம் வாங்க. காகிதம், பேனா, முத்திரை எல்லாம் வந்து சேரும். வெளியே எழுதிக் கொடுத்த காஸ் துணிதான் இன்னும் வந்திருக்காது.

2017 அக்டோபர் 23. நெல்லை கலெக்டர் அலுவலகம். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்து அலுத்த ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு, அந்த வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டு எரிந்து போனது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்டாயிற்று. சட்டம் இருந்தது, மனு இருந்தது, அலுவலகமும் இருந்தது. அதைக் கேலிச்சித்திரமாக வரைந்த பாலாவை, கலெக்டர் கொடுத்த புகாரின் பேரில், நவம்பர் தொடக்கத்தில் கைது செய்தார்கள். மனுவுக்குக் கிடைக்காத வேகம் கார்ட்டூனுக்குக் கிடைத்தது.

அரசு பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே கற்றுக்கொண்டது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வாசலில் போலீஸ். மணல் வாளி, தண்ணீர் வாளி. கூலி பாக்கி கேட்டு வந்த நெசவாளரின் மஞ்சள் பையைத் தலைகீழாகக் கொட்டுகிறார்கள். மூட்டு வலிக் களிம்பு, வெற்றிலை, ரேஷன் அட்டை நகல், ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலைத் திறந்து ஏட்டையா மோந்து பார்க்கிறார். வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்ததும், "போங்க பெரியவரே" என்று உள்ளே விடுகிறார். உள்ளே அவருடைய மனுவை யாரும் மோந்துகூடப் பார்ப்பதில்லை.